காஞ்சிப் பாதையின் மூன்று அகலங்கள்

ஜப்பானின் முதல் ரயில் 1872-ல் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே ஓடியது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 3 அடி 6 அங்குலம், அதாவது 1067 மில்லிமீட்டர் இடைவெளி. இன்றும் அந்நாட்டின் மலையோர, கடலோரக் கிளைப்பாதைகளில் பெரும்பாலானவை அதே அகலத்தில்தான் இருக்கின்றன. அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1865-ல், அதே 1067 மில்லிமீட்டர் பாதையில் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு ரயில் வந்துவிட்டது. காஞ்சியிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்கும் இது தெரியாது.

பாதையின் நீளம் 19 மைல். போட்டது இந்தியன் டிராம்வே கம்பெனி. அரக்கோணம் வழியாக 1856-லேயே ராயபுரம்–வாலாஜா ரோடு ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. அது மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் அகலப்பாதை, 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மில்லிமீட்டர். கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்தில் இந்தியா முழுமைக்கும் என்று தீர்மானித்த அளவு அது. பெரிய கம்பெனிகள் போட்ட முதலுக்கு ஐந்து சதவீத வட்டியை அரசே உறுதி செய்திருந்ததால் செலவைக் குறைக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. சிறிய ஊர்களுக்குக் கிளை விடும்போதுதான் கணக்கு உதைத்தது. காஞ்சிக்குப் பயணிகளுக்குக் குறைவில்லை. வைகாசி கருடசேவை ஒன்றே போதும். ஆனால் அகலப்பாதை போட்டு முதலைத் திரும்ப எடுக்கும் அளவுக்குச் சரக்கு உண்டா? ஒரு பட்டுப்புடவை ஒரு கிலோவைத் தாண்டுவதே அரிது. ஊரே சேர்ந்து நெய்தாலும் பட்டு ஒரு நாளும் வேகன்களை நிரப்பாது.

அந்தக் காலத்தில் உலகம் முழுக்க இதே கேள்வி எழுந்தது. நார்வேயில் கார்ல் பில் என்ற பொறியாளர் 1862-ல் 1067 மில்லிமீட்டரில் பாதை போட்டுக் காட்டினார். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தன் முதல் ரயிலை அதே அகலத்தில் ஓட்டியது 1865-ல். நம் காஞ்சி ரயில் வந்த அதே ஆண்டில். குயின்ஸ்லாந்துக்கும் காஞ்சிக்கும் பொதுவான பெயர் ஒன்று உண்டு: சர் சார்லஸ் ஃபாக்ஸ். லண்டனில் 1851-ல் கண்ணாடி மாளிகையைக் கட்டிய நிறுவனத்தின் தலைவர், குறுகிய பாதைக்காக விடாமல் வாதாடியவர். தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாணமும் ஜப்பானும் பின்னால் வந்து சேர்ந்துகொண்டன. ஒரு பெரும் உலகச் சோதனையின் முதல் வரிசையில் காஞ்சிபுரம் நின்றிருக்கிறது.

பாதை குறுகினால் என்ன லாபம்? வழக்கமாகச் சொல்லப்படும் பதில், வளைவு. ரயில்பெட்டியின் இரண்டு சக்கரங்களும் ஒரே இரும்பு அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை. ஒன்று ஒரு சுற்று சுற்றினால் மற்றதும் ஒரு சுற்றுதான் சுற்றும். ஆனால் வளைவில் வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட நீளம். எவ்வளவு நீளம் என்பதில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. பாதை முழுச் செங்கோணத்துக்குத் திரும்பும்போது வெளித் தண்டவாளம் உள்ளதைவிட எவ்வளவு கூடுதல் என்று பார்த்தால், அது வளைவின் ஆரத்தைச் சார்ந்ததே அல்ல. இரு தண்டவாளத் தலைகளின் மையங்களுக்கு இடையேயுள்ள தூரத்தை 1.57-ஆல் பெருக்கினால் விடை வந்துவிடும். அகலப்பாதையில் 2.75 மீட்டர், ஒரு மீட்டர் இடைவெளி கொண்ட மீட்டர்கேஜில் 1.66 மீட்டர். வளைவு இறுக்கமோ தளர்வோ, இந்த வித்தியாசம் மாறாது. இறுக்கமான வளைவில் இதைக் குறுகிய தொலைவுக்குள் ஈடுகட்ட வேண்டும் என்பதுதான் சிக்கல்.

ஈடுகட்டும் வேலையைச் சக்கரத்தின் வடிவம் செய்கிறது. ரயில்சக்கரத்தின் ஓடுபரப்பு தட்டையாக இருக்காது. உட்பக்கம் பெருத்து வெளிப்பக்கம் சிறுத்த கூம்பின் துண்டு அது. வளைவில் வண்டி சற்றே வெளிப்பக்கம் ஒதுங்கும். அப்போது வெளிச்சக்கரம் தன் பெருத்த பகுதியிலும் உட்சக்கரம் தன் சிறுத்த பகுதியிலும் உருளும். ஒரே சுற்றில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போய்விடும். ஒதுங்க இருக்கும் இடமோ ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். அதற்கு மேல் போனால் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தில் உரசிக் கிறீச்சிடும், இரண்டும் தேயும். பாதை குறுகக் குறுக, தேவைப்படும் ஒதுக்கமும் குறையும். டார்ஜிலிங் போன்ற மலைப்பாதைகள் அவ்வளவு குறுகலாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் அரக்கோணத்துக்கும் காஞ்சிக்கும் நடுவே மலை எங்கே இருக்கிறது? வயலும் ஏரியும் பனையுமாகச் சமதரை. இறுக்கமான வளைவு ஒன்றுகூடத் தேவைப்படாத நிலம். இங்கே மிச்சமானது எடை. சிறிய இஞ்சின், மெல்லிய தண்டவாளம், குட்டைச் சிலிப்பர் கட்டை, குறைந்த ஜல்லி, மேட்டுக்குக் குறைந்த மண், ஏரிக்கால்கள்மேல் இலகுவான பாலம். செலவைக் குறைத்தது இந்த இலகுத்தன்மைதான். இலகுவான தண்டவாளத்தை 1676 மில்லிமீட்டர் இடைவெளியிலும் போட்டிருக்கலாம். சற்றுக் கூடுதல் மண்ணும் கட்டையும் தவிரப் பெரிய நஷ்டம் இருந்திருக்காது. அன்றைய பொறியாளர்களில் ஒரு சாரார் இதைத்தான் உரக்கச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதே சரி என்பது என் கருத்து. குறுகிய பாதையில் கனமான ரயிலை ஓட்ட முடியாது என்பதும் உண்மையல்ல. தென்னாப்பிரிக்காவில் சிஷனிலிருந்து சல்டானா துறைமுகத்துக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட வேகன்களோடு இரும்புத்தாது ரயில்கள் போவது 1067 மில்லிமீட்டரில்தான். அதே நாட்டில் 1978-ல் அதே அகலத்தில் ஒரு சோதனை ரயில் மணிக்கு 245 கிலோமீட்டரைத் தொட்டது. எவ்வளவு சுமக்கலாம் என்பதைப் பெருமளவு தண்டவாளத்தின் கனமும் அடிமண்ணின் உறுதியும் தீர்மானிக்கின்றன. அகலம் தீர்மானிப்பது வேறொன்றை: அந்தப் பாதை யாரோடு சேரும், யாரோடு சேராது என்பதை.

அதன் விலையை அரக்கோணம் சந்திப்பு கொடுத்தது. சென்னையிலிருந்து வந்த மூட்டை காஞ்சிக்குப் போக வேண்டுமானால் அகலப்பாதை வேகனிலிருந்து இறக்கி, தலையிலும் முதுகிலும் சுமந்து, குறுகிய வேகனில் ஏற்ற வேண்டும். திரும்பும்போது மறுபடியும் அதே வேலை. நேரம், கூலி, சேதாரம், களவு எல்லாம் சேர்ந்து 19 மைல் பாதையின் மலிவை அரித்துத் தின்றன. மூட்டைப் பயணம் குறுகியதாக இருக்க இருக்க, மாற்றி ஏற்றும் செலவின் பங்கு பெரிதாகும். முப்பது கிலோமீட்டர் போகவேண்டிய சரக்குக்கு அது கிட்டத்தட்டத் தண்டனை.

அடுத்த மாற்றம் கல்கத்தாவிலிருந்து வந்தது. வைஸ்ராய் மேயோ பிரபு 1870-ல் செலவு குறைந்த இரண்டாம் அளவு ஒன்றை இந்தியாவுக்கென முடிவு செய்தார். 2 அடி 9 அங்குலம் போதும் என்றது ஒரு தரப்பு, 3 அடி 6 அங்குலம் வேண்டும் என்றது மறு தரப்பு. நடுவில் 3 அடி 3 அங்குலத்தில் வந்து நின்றார்கள். நாடு மெட்ரிக் அளவுக்கு மாறப்போகிறது என்ற நம்பிக்கை அப்போது இருந்ததால், அதைச் சற்றே கூட்டிச் சரியாக ஒரு மீட்டர் ஆக்கினார்கள். மெட்ரிக் முறை நம் கடைத்தெருவுக்கு வர அதற்கப்புறம் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் ஆயின.

காஞ்சிப் பாதைக்குச் சொந்தக்காரரும் மாறினார். டிராம்வே கம்பெனி கர்நாடிக் ரயில்வே ஆகி, 1874-ல் நாகப்பட்டினத்தைத் தலைமையாகக் கொண்ட கிரேட் சதர்ன் கம்பெனியோடு இணைந்து தென்னிந்திய ரயில்வே என்ற ஒரே கம்பெனி ஆயிற்று. இந்தப் புதிய குடும்பத்துக்குள் இரண்டு அகலங்கள் இருந்தன. நாகப்பட்டினம்–திருச்சிப் பாதை 1676, காஞ்சிப் பாதை 1067. இரண்டையும் மீட்டருக்குக் குறுக்கினார்கள். காஞ்சியின் முறை 1878-ல் வந்தது.

குறைத்தது வெறும் 67 மில்லிமீட்டர், நான்கு விரலை ஒட்டி வைத்த அகலம். அந்த நான்கு விரலுக்காக 19 மைல் நெடுகிலும் ஒவ்வொரு சிலிப்பரிலும் ஒரு பக்கத்து ஆணியைப் பிடுங்கி, தண்டவாளத்தை உள்ளே தள்ளி, மறுபடி அறைய வேண்டும். பாயிண்டுகளையும் கிராசிங்குகளையும் புதிதாகச் செய்ய வேண்டும். அச்சில் இறுக்கிய சக்கரங்களை நெருக்கி மாட்ட வேண்டும், முடியாவிட்டால் கழித்துப்போட வேண்டும். வண்டி ஓடுவதில் இந்த 67 மில்லிமீட்டரால் சொல்லிக்கொள்ளும்படி எந்த மாற்றமும் கிடையாது. மீட்டர்கேஜ் 1067-ஐவிட வேகமானதும் அல்ல, வலுவானதும் அல்ல. இனத்தோடு சேர வேண்டும் என்ற ஒரே காரணம்தான். சேர்ந்ததும் பலன் தெரிந்தது. பாதை கிழக்கே வாலாஜாபாத், பழையசீவரம் வழியாகச் செங்கல்பட்டு வரை நீண்டு, விழுப்புரம், திருச்சி, தூத்துக்குடி போகும் மீட்டர்கேஜ் தடத்தோடு கை கோத்தது.  

தென்பக்கம் திறந்த கதவு வடபக்கம் திறக்கவில்லை. அரக்கோணத்தில் பெரிய தடம் அகலப்பாதையாகவே இருந்தது. ஆக, 1865-ல் தொடங்கிய மாற்றி ஏற்றும் வேலை, 1990-களின் இறுதியில் காஞ்சிப் பாதையும் அகலப்பாதை ஆகும்வரை, ஏறத்தாழ 130 ஆண்டுகள் நீடித்தது.

ஜப்பானும் இதே நெருக்கடியைச் சந்தித்தது. வேறு வழியில் போனது. நாடு முழுக்க 1067-ல் போட்டு முடித்தபின் அகலமாக்கலாமா என்று பல்லாண்டுகள் விவாதித்தார்கள். கடைசியில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, 1964-ல் ஷின்கான்செனுக்காக 1435 மில்லிமீட்டரில் முற்றிலும் புதிய தடத்தைப் பக்கத்தில் போட்டார்கள். பழையதில் உள்ளூர் ரயில், புதியதில் அதிவேக ரயில். நாம் 1992-ல் எல்லாவற்றையும் அகலப்பாதை ஆக்குவது என்ற ஒரே அகல முடிவை எடுத்தோம். பயணிகளைத் தனியே பிரித்துவிடக்கூடிய நாட்டுக்கு அவர்கள் வழி சரி. நிலக்கரியும் நெல்லும் சிமெண்டும் ஒரே வேகனில் ஆயிரம் இரண்டாயிரம் கிலோமீட்டர் போகவேண்டிய நாட்டுக்கு நம் வழிதான் சரி என்று நினைக்கிறேன்.

அகலப்பாதையாக்குவது என்றால் தண்டவாளத்தைத் தள்ளிப்போடுவது மட்டுமல்ல. வளைவில் வண்டி வெளியே சாயாமல் இருக்க வெளித் தண்டவாளத்தைச் சற்று உயர்த்துவார்கள். ஒரு கிலோமீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியை முழுதாகச் சமன்செய்ய மீட்டர்கேஜில் 83 மில்லிமீட்டர் உயர்த்தினால் போதும். அகலப்பாதையில் 138 தேவை. சாய்வின் கோணம் இரண்டிலும் ஒன்றுதான், பலகை நீளமானதால் ஒரு முனையை அதிகம் தூக்க வேண்டியிருக்கிறது. பெட்டியும் அகலம் என்பதால் பிளாட்பாரத்தை வெட்டி ஒதுக்க வேண்டும். அச்சுச்சுமை கூடுவதால் ஏரிநீர் வெளியேறும் ஒவ்வொரு சிறு பாலத்தையும் சோதித்து, வலுப்படுத்தி, தேவையானால் மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் இருபுறமும் தண்ணீர் நிற்கும் சீமை இது. மேட்டு மண் ஈரத்தில் இளகினால் ஜல்லி அதற்குள் அமுங்கும், தண்டவாளம் அலைபாயும். கேங்மேன்கள் அதை அன்றாடம் நடந்து பார்த்துச் சரி செய்வதால்தான் வண்டி ஓடுகிறது.

பலன் எது என்று கேட்டால் வாலாஜாபாத்துக்குப் போய்ப் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் செய்த கார்கள் அங்கே ரயிலேறுகின்றன. பயன்பாட்டிலிருந்து விலக்கிய பயணிகள் பெட்டிகளின் சன்னல்களை அடைத்து, முனைகளில் கதவு வைத்து, ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குக் காரை ஓட்டிக்கொண்டே போகும்படி மாற்றிய வண்டிகள் இதற்கு உண்டு. வாலாஜாபாத்தில் ஏறிய கார் வடநாட்டில்தான் இறங்குகிறது. அரக்கோணத்தில் கார்களை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டியிருந்தால் இந்த வியாபாரம் ஒரு நாள்கூட நடந்திருக்காது.

அகலம் சரியான பிறகும் அரக்கோணம் ஒரு தடையை வைத்திருந்தது. இந்தத் தடை வானத்தில் இருந்தது. சென்னைக் கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயில் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் கடந்து திருமால்பூரோடு பல ஆண்டுகள் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் தக்கோலம். சோழ இளவரசன் ராஜாதித்தன் 949-ல் யானைமேலேயே இறந்த போர்க்களம். தக்கோலத்துக்கும் அரக்கோணத்துக்கும் இடையே பழைய பாதை கடற்படையின் ராஜாளி விமானதளத்தை ஒட்டிச் சென்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உருவாகி, 1992-ல் ஐஎன்எஸ் ராஜாளி ஆன தளம் அது. நாட்டின் மிக நீளமான ஓடுதளங்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

இறங்கும் விமானத்துக்கு முன்னால் ஒரு கற்பனைச் சரிவுத்தளம் உண்டு. பெரிய ஓடுதளங்களுக்கு அது ஐம்பதுக்கு ஒன்று என்ற அளவில் உயரும்: ஐம்பது மீட்டர் தள்ளிப்போனால் ஒரு மீட்டர் உயரம். அந்தத் தளத்தைக் கிழித்துக்கொண்டு எதுவும் மேலே நீட்டக்கூடாது. தண்டவாளத்துக்கு மேலே ஐந்தரை மீட்டர் உயரத்தில் 25,000 வோல்ட் கம்பி, அதைத் தாங்க எட்டு மீட்டரை எட்டும் கம்பம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கம்பம் சரிவு தொடங்கும் இடத்திலிருந்து நானூறு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். டீசல் ரயிலும் உயரம்தான், ஆனால் அது வந்து போய்விடும். விமானம் இறங்கும் நேரத்தில் சிக்னல் போட்டு அதை நிறுத்தி வைக்கலாம். கம்பம் இரவும் பகலும் அங்கேயே நிற்கும். ஆகவே டீசல் வண்டிகள் அரக்கோணம் வரை போயின, மின்சார ரயில் போகவில்லை. விமானதளத்தைச் சுற்றிப் புதிய தடம் போட்டுத்தான் இதைத் தீர்த்தார்கள். கடற்கரையில் கிளம்பி, செங்கல்பட்டு, காஞ்சி, அரக்கோணம் சுற்றி, திருவள்ளூர் வழியாகக் கடற்கரைக்கே திரும்பும் சுற்று ரயில் 2019 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. மொத்தச் சுற்று 190 கிலோமீட்டரை ஒட்டி.

அதே ஆண்டு ஜூலை 1-ல், நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை கோயில் குளத்திலிருந்து எடுக்கப்படும் அத்திவரதர் காஞ்சியில் எழுந்தருளினார். ஆகஸ்ட் 17 வரை 48 நாள் தரிசனம். அதற்கு முன்பு 1979-ல் ரயிலில் வந்தவர்கள் மீட்டர்கேஜ் பாசஞ்சரில் வந்தார்கள். 2019-ல் வந்தவர்களுக்கு வடக்கிலும் தெற்கிலும் மின்சார ரயில். இருந்தும் பெருங்கூட்டத்தைச் சுமந்தவை பேருந்துகளும் வேன்களும்தான். காரணம் அகலமல்ல. இந்தப் பாதை ஒற்றைப் பாதை.

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடாமல் காப்பது எப்படி? மீட்டர்கேஜ் நாளில் தென்னிந்தியக் கிளைப்பாதைகளில் பரவலாக இருந்தது உருண்டை டோக்கன். அடுத்தடுத்த இரு ஸ்டேஷன்களிலும் ஒவ்வொரு கருவி, நடுவே மின்கம்பி. இந்த ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டு, அந்த ஸ்டேஷன் மாஸ்டர் அனுமதித்தால் கையில் அடங்கும் எஃகு உருண்டை ஒன்று வெளியே விழும். அது மறுபடி இரண்டில் ஒரு கருவிக்குள் போகும்வரை எந்தப் பக்கத்திலும் இன்னொரு உருண்டை வராது. உருண்டையைத் தோல்பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, பாயிண்ட்ஸ்மேன் பிளாட்பார ஓரத்தில் உயர்த்திப் பிடிப்பார். ஓடும் இஞ்சினிலிருந்து ஃபயர்மேன் கையை வளையத்துக்குள் விட்டு வாங்கிக்கொண்டு, பழைய வளையத்தை வீசிவிட்டுப் போவார். உருண்டை கையில் இல்லாத டிரைவர் அந்த இரு ஸ்டேஷன்களுக்கு இடைப்பட்ட பிரிவுக்குள் நுழையக்கூடாது. ஜப்பானின் சில கிராமப் பாதைகளில் இந்த நூற்றாண்டிலும் இதே வளையம் கைமாறியது. இப்போதைய முறையில் அச்சு எண்ணும் கருவி அந்த வேலையைச் செய்கிறது. ஒரு முனையில் எத்தனை அச்சுகள் உள்ளே போயின, மறுமுனையில் எத்தனை வெளியே வந்தன என்று எண்ணி, இரண்டும் சமமானால்தான் பிரிவு காலி என்று அறிவிக்கும்.

பாதுகாப்பு கூடியது. கொள்ளளவு அந்த அளவுக்குக் கூடவில்லை. நம் ரயில்வேயில் இதற்கு ஸ்காட் சூத்திரம் என்ற எளிய கணக்கு உண்டு. இரு ஸ்டேஷன்களுக்கு இடையே மெதுவான வண்டி எடுக்கும் நேரத்தோடு, லைன் கிளியர், அதாவது அடுத்த ஸ்டேஷனின் அனுமதி, வாங்கும் நேரத்தைக் கூட்டு. ஒரு நாளின் 1440 நிமிடத்தை அதால் வகு. எழுபது சதவீதம் எடுத்துக்கொள். மீதி பராமரிப்புக்கும் தாமதத்துக்கும். உதாரணத்துக்கு, ஓட 13 நிமிடம், லைன் கிளியருக்கு 5 நிமிடம் என்றால் 1440-ஐ 18-ஆல் வகுத்து 80, அதில் எழுபது சதவீதம் 56. இரு திசைக்கும் சேர்த்து அவ்வளவுதான். இப்படி வரும் எண்ணுக்குள்தான் சுற்று ரயில், திருமால்பூர் ரயில், திருப்பதி–புதுச்சேரி ரயில், கார் ஏற்றிய சரக்கு வண்டி, சென்னை நெரிசலைத் தவிர்த்து வடக்கிலிருந்து தெற்கே போகும் மற்ற வண்டிகள் எல்லாம் அடங்க வேண்டும்.

எல்லாப் பிரிவுகளிலும் மிக நீளமானதே மொத்தப் பாதையின் அளவைத் தீர்மானிக்கும். மற்ற எல்லாப் பிரிவுகளும் ஏழு நிமிடத்தில் கடக்கக்கூடியவையாக இருந்தாலும், ஒன்று 13 நிமிடம் என்றால் அந்த 13-தான் கணக்கு. ஆகவே மலிவான முதல் மருத்துவம், அந்த நீளப் பிரிவின் நடுவே இரண்டு வண்டி ஒதுங்க ஒரு கிராசிங் ஸ்டேஷன் போடுவது. ஓடும் நேரம் 7 நிமிடமாகக் குறைந்தால் கொள்ளளவு 84 ஆகும். லைன் கிளியர் நேரத்தை 5 நிமிடத்திலிருந்து 2 ஆக்கினால் 112. இன்றைக்குக் காலை வேளையில் காஞ்சியிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போகிறவர் நடுவழி ஸ்டேஷனில் எதிர்வண்டிக்காகக் காத்திருப்பதும், அலுத்துப்போய் அடுத்த நாள் பேருந்து நிலையத்துக்கு நடப்பதும் இந்தக் கணக்கின் விளைவு. செங்கல்பட்டு சுற்றி வருவதால் ரயில்வழி சாலைவழியைவிட ஏற்கெனவே இருபது கிலோமீட்டர் அதிகம். இரண்டாவது தண்டவாள ஜோடி விழுந்தால் ஒரு வண்டி இன்னொன்றுக்காக நிற்கவே வேண்டாம். ஒரே திசையில் அடுத்தடுத்து வண்டிகளை அனுப்பிக்கொண்டே இருக்கலாம். காஞ்சிக்காரர்கள் கேட்க வேண்டியது அதைத்தான். அது வரும்வரை மிக நீளமான பிரிவு எது, அதை எங்கே உடைப்பது என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம்.